கடம் கடந்த கடல்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த என் தலைமுறையினர்க்குச் சிறுவயதிலேயே இரண்டு வகை மேளங்கள் பழகிவிட்டன. ஒன்று, பத்திரகாளி அம்மன் கோயிலிலும் கோணேசர் திருவிழாவிலும் ஒலித்த தவில். மற்றொன்று, பிரித்தானியக் கடற்படையின் வாத்தியக் குழுவினர் முழக்கிய ட்ரம். தவில் எங்கள் தெரு வழியே வரும். அதன் பின்னே நாங்கள் நடப்போம். கடற்படையின் மேளமோ மதிலுக்கு அப்பால் ஒலிக்கும். நாங்கள் மதிலுக்கு இப்பால் நின்று கேட்போம். சனிக்கிழமை இரவுகளில் மாலுமிகள் கூடிக் களிக்கும் மண்டபத்திலிருந்து ஜாஸ் இசை காற்றோடு மிதந்து உட்துறைமுக வீதி வரையில் வரும். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. கப்பல்கள் போயின, அந்த மேளமும் போயிற்று.

போன மேளத்தைப் பற்றி எங்கள் பெரியவர்களிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. தவில் இசை, மற்றையது ஆரவாரம். தவிலுக்குக் கணக்கு உண்டு. மற்றையதற்குக் கை வலிமை மட்டுமே உண்டு. இத்தீர்ப்பை நானும் கேள்வியின்றி ஏற்றேன். பின்னாளில் ஓரளவு மிருதங்கம் பயின்று, ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, மாணவர்க்கும் அதனையே போதித்தேன். அது பிழையென்று உணர எனக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. உணர்த்தியவர் சென்னை நகரத்துக் கடக் கலைஞர் ஒருவர். விக்கு விநாயகராம் என்னும் அவருடைய கலைவாழ்வைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன். அதனூடே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. வாசகர் பொறுத்தருள்க.

விநாயகராம் 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் டி. ஆர். ஹரிஹர சர்மா லய நுட்பம் கைவந்த ஆசிரியர்; 1958இல் ஸ்ரீ ஜெய கணேச தாள வாத்திய வித்தியாலயம் என்ற பள்ளியை நிறுவியவர். அந்த வீட்டில் தாளம் என்பது மேடைக்கு மட்டும் உரிய பொருளன்று. மூச்சைப் போல இயல்பாக இயங்குவது. மகன் இளமையிலேயே கடம் ஏந்தி மேடையேறினார். எம். எஸ். சுப்புலட்சுமி முதலான பெரும் பாடகர்க்குப் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும் பேறும் பெற்றார்.

பக்கத்தில் என்று சொன்னேன். அச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கருநாடக இசைக் கச்சேரியில் நடுவே பாடகர் இருப்பார். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள். கடமோ பக்கவாத்தியத்துக்குப் பக்கவாத்தியம். உபபக்கவாத்தியம் என்பது அதற்கு இட்ட பெயர். பல கச்சேரிகளில் அது இல்லாமலே நிகழ்ச்சி நடந்துவிடும். சுவரொட்டியில் இடம் போதாவிடில் முதலில் விடுபடும் பெயர் கடக்காரருடையதாகவே இருக்கும்.

வாத்தியமும் அப்படிப்பட்டதுதான். மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் வனைந்து, தட்டித் தட்டிச் சுவரைச் சமன் செய்து, சூளையில் இட்டுச் சுட்டெடுத்த குடம். மானாமதுரைக் குயவர் இதற்குப் பேர்போனவர். பார்வைக்கு நீர்க்குடம் போலத் தோன்றினாலும் இதன் சுவர் கனமானது. தட்டினால் உலோகம் போலக் கணீரென்று ஒலிப்பது. மிருதங்கத்தைப் போல வாரை இழுத்து இதற்குச் சுருதி கூட்ட இயலாது. சூளையில் எந்தச் சுருதி அமைந்ததோ அதுவே அதன் ஆயுட்காலச் சுருதி. ஆதலால் கடக்காரர் சுருதிக்கு ஒன்றாகப் பல குடங்களைச் சுமக்க வேண்டியவராகின்றார். கழுத்தில் ஒரு நாதம், நடுவயிற்றில் ஒரு நாதம், அடியில் ஒரு நாதம். குடத்தின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஆழ்ந்த ஒலியை ஏற்றி இறக்குவார். விரல், நகம், உள்ளங்கை, மணிக்கட்டு ஆகிய நான்கும் உழைக்கும். தோல் இல்லை, வார் இல்லை, கோல் இல்லை. மண்ணும் மனித உடலும் மட்டுமே.

இனி, அந்தக் கடைக்கோடி ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் யாது செய்கின்றார் என்பதைப் பார்ப்போம். கச்சேரியின் நடுவே தாள வாத்தியங்களுக்கென்று விடப்படும் பகுதி தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் முதலில் வாசிப்பார். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்துக்குள்ளே ஐந்தைந்தாகவும் ஏழேழாகவும் சொற்களை அடுக்கிப் பின்னி ஒரு கணக்கை விரிப்பார். அதனைக் கடக்காரர் கேட்டு, நினைவில் நிறுத்தி, மறுகணமே விடை சொல்ல வேண்டும். இருவரும் மாறி மாறி வாசிக்க, வாசிக்கும் அளவு படிப்படியாகக் குறுகிக்கொண்டே வரும். குறைப்பு என்பது அதற்குப் பெயர். ஈற்றில் இருவரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்து, பாடகர் பாட்டை எடுக்கும் இடத்தில் வந்து நிற்பர்.

இதில் மிருதங்கக்காரர்க்குத் தாம் வாசிக்கப் போவது முன்னமே தெரியும். கடக்காரர்க்கோ தெரியாது. எந்தக் கேள்வி வரும் என்பதை அறியாமலே விடைக்கு ஆயத்தமாக இருப்பது அவருடைய தொழில். எழுதிவைக்காத இசையை அந்தக் கணத்திலே ஆக்குதல், அதனையும் பிறர் சொல்லைச் செவிமடுத்து ஆக்குதல், இவையே அவர் வாழ்நாள் முழுதும் செய்த பயிற்சி. கடைசி ஆசனத்தில் இருந்தவர்க்கே கேட்கும் கலை மிகுதியாகக் கைவந்திருந்தது. விநாயகராமின் வரலாற்றுக்குத் திறவுகோல் இதுவே என்பது என் துணிபு.

கடலுக்கு அப்பால் வேறோர் இனத்தார் இதே கலையை வேறு வழியில் வளர்த்துக்கொண்டிருந்தனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்விற் பிறந்தது ஜாஸ். அதில் ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு சுற்று உண்டு. கலைஞர்கள் அச்சுற்றின்மேல் ஒருவர் பின் ஒருவராகக் கற்பனை விரித்து வாசிப்பர். சுற்று முடியும்போதெல்லாம் தொடக்கத்துக்குத் திரும்புவர். இதனை ஆவர்த்தனம் என்றே நாம் அழைக்கலாம். தனி வாத்தியக்காரரும் மேளக்காரரும் நான்கு நான்கு கட்டங்களாக மாறி மாறி வாசிக்கும் வழக்கமும் அங்கு உண்டு. நமது குறைப்பை அறிந்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் ஜாஸ் மேளக்காரரும் நெடுநாள் கடைசி ஆசனத்தில் இருந்தவரே. காலத்தைக் காட்டிக்கொண்டிருப்பதே அவர் கடமை எனக் கருதப்பட்டது. 1940களில் கென்னி கிளார்க், மக்ஸ் ரோச் முதலியோர் காலக் கணக்கைப் பெரிய முரசிலிருந்து தொங்கு தாளத்தட்டுக்கு மாற்றி, ஏனைய முழவுகளை உரையாடுவதற்கென விடுவித்தனர். 1960களில் சன்னி மரே, மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் முதலிய புதுநெறியாளர் இன்னும் ஒருபடி சென்று, எண்ணக்கூடிய கால அளவையே கைவிட்டனர். கிரேவ்ஸ் நியூயோர்க்கிலே தபேலா பயின்றவர். பின்னாளில் மனித இதயத் துடிப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தவர். ஆரோக்கியமான இதயமும் அணு அளவும் பிசகாத கடிகாரம் போலத் துடிப்பதில்லை என்று வற்புறுத்தியவர். 1941இற் பிறந்து 2021இல் மறைந்த அவர், விநாயகராமுக்கு ஒரு வயது மூத்தவர். ஒருவர் கணக்கை விட்டு விடுதலை தேடினார். மற்றவர் கணக்கைக் கைவிடாமலே விடுதலை தேடினார். இரண்டும் விடுதலையே.

இவ்விரு உலகங்களும் சந்தித்த ஆண்டு 1975. அவ்வாண்டின் மே மாதத்தில் நம் ஈழநாட்டுத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி மறைந்தார். இணுவிலில் 1933இல் தவிற் கலைஞர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் பயின்று, தமிழ்நாட்டு மேடைகளிலும் வியக்கப்பட்டவர் அவர். மறைந்தபோது வயது நாற்பத்தொன்றே. அவர் வாசிப்பின் சில பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அம்ஷன் குமார் 2015இல் எடுத்த ஆவணப்படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. தவிலைப் பின்னணி ஒலியாகக் கேட்டவரையும் எழுந்து உட்கார வைத்த கை அது. அந்தக் கை ஓய்ந்து இரண்டு மாதங்கள் செல்லுமுன், யூலை 5ஆம் நாள், நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் விநாயகராமின் கடம் ஒலித்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. ஆயினும் லயத்தில் ஈடுபட்ட எனக்கு அந்த ஆண்டை நினைக்கும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அந்த மேடையை அமைத்தவர் ஜோன் மக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயர். இவரும் 1942இற் பிறந்தவரே. மைல்ஸ் டேவிஸ் என்ற ஜாஸ் பேரறிஞரோடு 1969இல் வாசித்தவர். 1971இல் மகாவிஷ்ணு என்ற பெயரில் மின் வாத்தியக் குழு ஒன்றை அமைத்து, செவி அதிரும் இசையால் பெரும் புகழ் ஈட்டியவர். புகழின் உச்சியில் இருந்தவர் அந்த இரைச்சலைத் துறந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். ஒலித்துளையின் குறுக்கே ஏழு சுருதித் தந்திகள் ஓடும் புதுவகைக் கிதார் ஒன்றைச் செய்வித்தார். வயலினுக்கு எல். சங்கர், தபேலாவுக்குச் சாகிர் உசேன், மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவன், கடத்துக்கு விநாயகராம் என்று ஆள் சேர்த்தார். குழுவின் பெயர் சக்தி. மின்சாரம் இன்றி, மேடை விரிப்பில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்த குழு. பின்னர் இராகவன் விலக, நால்வர் குழுவாக அது நிலைத்தது.

இந்த நால்வரில் ஒருவர் நமக்கு உறவினர் என்பதை ஈழத்து வாசகர் அறிதல் வேண்டும். எல். சங்கரின் இளமை கழிந்தது யாழ்ப்பாணத்தில். தந்தையார் வி. இலட்சுமிநாராயணா அங்கே இசைப் பேராசிரியராக விளங்கியவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. நம் மண் தங்க இடம் கொடாமற்போன வயலின் அது. பின்னர் உலகம் முழுதும் ஒலித்தது.

சக்தியின் மேடையில் விநாயகராமுக்கு நேர்ந்த மாற்றம் யாது? அங்கே நடுவே பாடகர் இல்லை. ஆதலால் பக்கம் என்பதும் இல்லை. மேடையில் மிருதங்கமும் இல்லாத நாட்களில் தென்னாட்டு லயத்தின் முழுப் பொறுப்பும் ஒரு மண்குடத்தின்மேல் வந்து விழுந்தது. எதிரே வட இந்தியத் தபேலாவின் அதிவேக விரல்கள். இடையே ஜாஸ் கிதாரின் எதிர்பாராத் திருப்பங்கள். விநாயகராம் தம் குடத்தை மாற்றவில்லை; கையை மாற்றவில்லை; கணக்கையும் மாற்றவில்லை. நாற்பது அடி தள்ளி எங்கோ ஓரத்தில் செய்துவந்ததை அரங்கின் முன்னே செய்தார், அவ்வளவுதான். கேள்வி எங்கிருந்து வரும் என்று அறியாமல் விடைக்கு ஆயத்தமாயிருந்தவர்க்கு, அது மயிலாப்பூரிலிருந்து வந்தால் என்ன, நியூயோர்க்கிலிருந்து வந்தால் என்ன?

1975 முதல் 1977 வரை பதிவான அவர்களுடைய மூன்று இசைத்தட்டுகளுள் முதலாவது என் கைக்கு வந்தது 1979இல். கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை பார்த்த என் மைத்துனர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து, “மச்சான், இதில எங்கட ஆக்கள் வாசிக்கினம், கேட்டுப் பாரும்” என்று தந்தார். வீட்டு ரேடியோகிராமில் போட்டுக் கேட்டேன். ஒரு பக்கம் முழுவதும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஒரே உருப்படி ஓடிற்று. பாதியிலேயே ஊசியைத் தூக்கிவிட்டேன். கடத்தை வெள்ளைக்காரர் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்ற சினம். அடுத்த வாரம் எங்கள் இலக்கிய வட்டக் கூட்டத்தில் இதைக் கண்டித்து ஒருமணி நேரம் பேசவும் செய்தேன். கைதட்டலும் கிடைத்தது. பாதி கேட்ட இசையைப் பற்றி முழு மணிநேரம் பேசினேன் என்பதை அன்று எவரும் சுட்டவில்லை.

ஆனால் அந்தத் தட்டை முழுதும் கேட்ட ஒருவன் இருந்தான். எங்கள் வீதியின் கோடியில் குடியிருந்த மீனவர் ஒருவரின் மகன், என்னிடம் படித்தவன், வயது பதின்மூன்று இருக்கலாம். என் மகள் வீட்டில் அந்தத் தட்டைப் போடும்போதெல்லாம் அவன் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கின்றான். அதை நான் பின்னரே அறிந்தேன்.

அவ்வாண்டுப் பள்ளிக் கலைவிழாவுக்கு மாணவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. அவன் ஒரு வெறும் பிஸ்கட் தகரத்தையும் விளிம்பு உடைந்த ஒரு முட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். கூட வந்த தோழன் கையால் எட்டெட்டாகத் தாளம் போட்டான். இவன் தகரத்திலும் முட்டியிலுமாக ஒரு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். முதற் சுற்றில் சேர்ந்தது போலிருந்தது. இரண்டாவது சுற்றில் ஓர் அடி முந்திற்று. மூன்றாவது சுற்றில் இரண்டு அடி முந்திற்று. நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

“தாளம் பிழைக்குது. தகரத்தில் தட்டுறதெல்லாம் இசையாகாது. மிருதங்கம் படித்துவிட்டு வா” என்றேன்.

“சேர், கொஞ்சம் பொறுங்கோ, வந்து சேரும்” என்றான் அவன்.

நான் பொறுக்கவில்லை. அடுத்த மாணவனை அழைத்தேன். மிருதங்கம் வாங்கும் நிலையில் அவன் வீடு இல்லை என்பதை அறிந்தே அவ்வாறு சொன்னேன். அவன் தகரத்தை எடுத்துக்கொண்டு போனான். பிறகு என் வகுப்பில் அவன் மேசையில் விரல் தட்டியதை நான் காணவில்லை. அப்போது அதனை ஒழுக்கம் என்று மெச்சிக்கொண்டேன்.

இனி விநாயகராமின் கதைக்கு வருவோம். சக்தி 1978இல் கலைந்தது. உலக மேடைகளைக் கண்டவர் சென்னைக்கு வந்து, தந்தையாரின் பள்ளியில் மாணவர் நடுவே அமர்ந்தார். கருநாடகக் கச்சேரிகளிலும் முன்போலவே வாசித்தார். அப்பள்ளியின் வரலாற்றில் ஆசிரியராகிய நாம் அனைவரும் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. சுகன்யா என்ற இளம்பெண் வயலின் பயில அங்கே சேர்ந்தாள். பக்கத்து அறையிலிருந்து வந்த தாள ஒலி அவளை ஈர்த்தது. கடம் கற்க வேண்டும் என்று கேட்டாள். விநாயகராம் தயங்கினார். கனத்த மண்ணில் அடித்துப் பழகப் பெண்ணின் கை தாங்குமோ என்பது அவர் ஐயம். தந்தையார் ஹரிஹர சர்மாவோ அவளைத் தாமே பயிற்றினார். அவள் தேறினாள். விநாயகராம் தம் ஐயத்தைக் கைவிட்டு அவளைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். கடக் கலையில் முன்னணிக்கு வந்த முதற் பெண்மணியாகிய சுகன்யா ராம்கோபால் அவரே. வெவ்வேறு சுருதி கொண்ட பல கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் கட தரங்கம் என்னும் முறையையும் அவர் உருவாக்கினார்.

இதில் என்னைத் தொட்டது வெற்றியன்று, தயக்கமே. பெரும் கலைஞரும் ஒருகால் தயங்கியிருக்கின்றார். அவர்க்கும் எனக்கும் உள்ள வேறுபாடு, அவர் வீட்டில் பொறுத்துப் பார்க்கும் ஒருவர் இருந்தார் என்பதும், தம் எண்ணம் பிழையென்று கண்டதும் அவர் அதை மாற்றிக்கொண்டார் என்பதுமே.

பின்னர் வந்த சிறப்புகள் பலரும் அறிந்தவை. அமெரிக்க மேளக் கலைஞர் மிக்கி ஹார்ட் ஆபிரிக்கா, பிரேசில், இந்தியா ஆகிய நாட்டு மேளங்களை ஒருங்கு சேர்த்து ஆக்கிய பிளனற் ட்ரம் என்ற இசைத்தட்டில் சாகிர் உசேனோடு விநாயகராமும் வாசித்தார். 1991ஆம் ஆண்டுக்குரிய கிராமி விருது, உலக இசைப் பிரிவில் அதற்குக் கிட்டியது. இந்திய அரசு 2002இல் பத்மஸ்ரீ பட்டமும் 2014இல் பத்மபூஷண் பட்டமும் அளித்தது. மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு மக்லாஃப்லினின் புதிய சக்தியில் இடம்பெற்றார். 2023இல் வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. தந்தை அமர்ந்த விரிப்பில் மகன். அவ்வாண்டு டிசம்பரிலே சாகிர் உசேன் மறைந்தார். 1975இல் தொடங்கிய அந்த உரையாடலின் ஒரு குரல் ஓய்ந்தது.

என் வீட்டுக் கதையோ வேறு விதமாக நடந்தது. 1990இல் ஊர் கலைந்தது. நாங்களும் பல இடங்களில் ஒதுங்கி வாழ்ந்து, வீடு திரும்பியபோது எஞ்சியவை சிலவே. மனைவியின் பழஞ்சேலை ஒன்றிற் சுற்றியபடி அந்தத் தட்டு எஞ்சியிருந்தது. 1996இல் ஒருநாள் மாலை, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமையால், அதனை மறுபடியும் போட்டேன். இம்முறை வலது கை தானாகவே தொடையில் தாளம் போடத் தொடங்கிற்று. ஆரவாரம் என்று நான் ஊசியைத் தூக்கிய இடம் வந்தது. எண்ணினேன். தபேலாவும் கடமும் கேட்பதும் சொல்வதுமாக நெருங்கி நெருங்கி வந்தன. அளவு குறுகிற்று. பின்னர் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தனர். என் கையும் அங்கேயே விழுந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் ஒருமணி நேரம் பழித்துப் பேசியது, என் குருநாதர் எனக்குக் கற்பித்த அதே குறைப்பை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இருளில் படுத்திருந்தபோது, கேளாமலே அந்தத் தகரத்தின் ஒலி நினைவுக்கு வந்தது. இரண்டாவது சுற்றில் ஓர் அடி முந்திற்று; மூன்றாவதில் இரண்டு அடி முந்திற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காக ஓரடி முந்துவது பிழையாகுமா? விரல் மடக்கி எண்ணினேன். அவன் வாசித்த சொற்கட்டு ஏழு அடி. தோழன் போட்ட தாளம் எட்டு அடி. எட்டு முறை ஏழு ஐம்பத்தாறு. ஏழு முறை எட்டும் ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு அடிகள் முடிந்ததும் இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வந்து சேரும். எட்டுக்குள் ஏழை ஓட்டுவது. மிஸ்ரம் என்று நாம் பெயரிட்டு வருடக்கணக்கில் கற்பிப்பது. அதனைத் தகரத்தில், பெயர் தெரியாமல், அந்தச் சிறுவன் பிடித்து வைத்திருந்தான். “வந்து சேரும்” என்று கணக்கையே சொல்லியிருந்தான். நான் இருபத்து நான்காவது அடியில் நிறுத்திவிட்டேன். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

அவன் 1984 அளவில் உறவினரோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டதாக அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், மீன் சந்தையில் அவன் தங்கையைக் கண்டேன். இப்போது அவளும் பேரப்பிள்ளைகள் கண்டவள். அண்ணனைப் பற்றி விசாரித்தேன். சமையற்கூடம் ஒன்றில் வேலையாம், பிள்ளைகள் பெரியவர்களாம். “மேளம் ஏதும் வாசிக்கிறாரோ?” என்று கேட்டேன்.

“இல்லை சேர். அது தனக்கு வராது எண்டு அப்பவே விட்டிட்டார். படிப்பிக்கிற சேரே தாளம் பிழை எண்டு சொன்னவராம்” என்றாள். அந்தச் சேர் யார் என்பதை அவள் மறந்திருந்தாளா, மறந்தது போல இருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. மீனை நிறுத்துத் தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

முகவரி பெற்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் என்று எழுத இப்போது கை வரவில்லை. “தாளம் பிழைக்கவில்லை, எண்ணியவன்தான் பிழைத்தான்” என்று எழுதி, ஏழும் எட்டும் சேருமிடத்தை அட்டவணையாகப் போட்டு அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

கலைஞன் ஒருவனின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது அவன் பெற்ற விருதுகளை எண்ணுகின்றோம். விநாயகராம் விருதுகளால் பெரியவரானவர் அல்லர். கடைசி ஆசனத்தில் இருந்தபடியே பிறர் சொல்லை முழுதும் கேட்கப் பழகியவர். எந்த நாட்டார் எந்த வாத்தியத்தில் கேட்டாலும் அதே பொறுமையோடு கேட்டு விடை சொன்னவர். முன்பின் தெரியாத இசையின் நடுவே அவர் தம்மை இழக்காமல் நின்றது தாளத்தின்மேல் வைத்த நம்பிக்கையால். வந்து சேரும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை அவர்க்கு வாய்த்ததற்குக் காரணம், அவர் பிள்ளையாய் இருந்தபோது முடிவு வரையில் எண்ணிக் கேட்ட ஒரு தந்தை வீட்டில் இருந்தமையே.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தட்டக்கூடும். தட்டும் பொருள் தகரமாகவோ உடைந்த முட்டியாகவோ இருக்கக்கூடும். உங்களுக்குப் பழக்கமில்லாத ஒலியாகவும் இருக்கக்கூடும். அதனை இசை என்று உடனே புகழ வேண்டியதில்லை. பிழை என்று இகழவும் வேண்டியதில்லை. உங்கள் கையைத் தொடையில் வைத்து எண்ணுங்கள். ஐம்பத்தாறு வரையில் எண்ணுங்கள். அதன்பின் பேசலாம்.